தரைத் தகரம்

கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க தம்பி. உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன். என் மடியில இருக்கது தகரம். பேப்பர்ல சுத்தித்தான் வச்சிருக்கேன், இருந்தாலும் ஓரம் கிழிச்சிரும். போன தடவை ஒரு அம்மா சேலையில மாட்டிக்கிட்டு, எட்டயபுரம் வரைக்கும் ஏச்சு வாங்கிக்கிட்டே வந்தேன்.

எங்க, மதுரைக்கா? மண்டேலா நகரா? அட, என் மக வீடு அங்கனதான் இருக்கு. ஸ்டாப்புல இறங்கி ஆட்டோ பிடிச்சா அஞ்சு நிமிஷம். இல்ல இல்ல, நான் அங்க இறங்கலை. நான் நேரா மாட்டுத்தாவணி. அங்க இருந்து பழைய இரும்புக் கடைக்குப் போகணும். இதுக்கு ஜோடி தேடணும்.

இது என்னன்னு பாக்குறீங்களா? கார் தரை. பின் சீட்டுல உக்காந்து கால் வைப்போம்லா, அந்த இடம். நேத்து நானே வெட்டி எடுத்தேன். இந்த வளைவைப் பாருங்க. இந்த வளைவை அடிச்சு எடுக்கத் தூத்துக்குடியில ஆளு கெடையாது. மதுரையில ஒருத்தன் பழைய காரை எல்லாம் அறுத்துக் குமிச்சு வச்சிருக்கான். அளவைக் காட்டினா வெட்டிக் குடுப்பான். மொத தடவை கதவுக்குக் கீழ உள்ளது வாங்கினேன். அப்புறம் டிரைவர் பக்கத்துத் தரை. அப்புறம் டிக்கிக்குள்ள. இது நாலாவது தடவை.

கார் வாங்குனது எங்க சுபா பொறந்த வருஷம். சின்னக் கார், சிவப்பு. அவ ஸ்கூலுக்குப் போனது, காலேஜ் சேந்தது, கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போனது எல்லாம் அதுலதான். அந்தச் சிவப்புக்கு ஒரு பெயிண்ட் நம்பர் இருக்கு. தூக்கத்துல எழுப்பிக் கேளுங்க, சொல்லுவேன்.

ஊரு அப்படி தம்பி. கடல் காத்து. எங்க வீட்டு ஜன்னல் கம்பியைக் கையால பிடிச்சா உதிருது. ஆணி அடிச்சா அடுத்த வருஷம் ஆணி இருக்காது, ஓட்டைதான் இருக்கும். நான் முப்பத்தோரு வருஷம் உப்புக் கம்பெனியில சூப்பர்வைசரா இருந்தவன். உப்பு என்ன பண்ணும்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நான் பத்துப் பேருக்குச் சொல்லித்தருவேன்.

தை மாசம் சுபாவுக்கு வளைகாப்பு. ஏழாம் மாசம். மதுரையில மாப்பிள்ளை வீட்டுல வச்சு. வளையல் போட்டு முடிச்சு அப்படியே பிள்ளையைக் கூட்டிட்டு வந்திரணும். தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான், எங்க பக்கம் அதுல பேச்சே கெடையாது. நான் ஒரு மாசம் முந்தியே சொல்லிட்டேன், நம்ம கார்லதான் போறோம், நம்ம கார்லதான் கூட்டிட்டு வாரோம்னு. அன்னைக்குக் காலைல என் வீட்டுக்காரி தங்கபுஷ்பம் பட்டுச்சேலை கட்டி, புளிச்சாதத் தூக்குச்சட்டியோட வந்து பின் கதவைத் திறந்தா. ஒரு காலை உள்ள எடுத்து வச்சா. கால் தரையைப் பொத்துக்கிட்டுக் கீழ போயிருச்சு. காருக்குள்ள ஏறுனவ ரெண்டு காலும் ரோட்டுலதான் நிக்கி. எனக்குச் சிரிப்பு வந்திருச்சு தம்பி. அவ சிரிக்கலை. கெண்டைக்கால்ல தகரம் கீறி ரத்தம். மஞ்சள் வச்சுக் கட்டிக்கிட்டு, வேன் பிடிச்சுப் போனோம்.

அங்க சம்பந்தி கேட்டாரு. நல்ல மனுஷன், ஒண்ணும் சொல்லக்கூடாது. "என் வண்டியில கூட்டிட்டுப் போங்க, டிரைவரோட அனுப்புறேன், ஏசி இருக்கு, பிள்ளைக்கு அலுங்காம இருக்கும்"னாரு. தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா நானும் சரின்னிருப்பேன். நாப்பது பேர் முன்னால கேட்டுட்டாரு. நான் எந்திரிச்சு நின்னு சொன்னேன், "என் மகளை அடுத்தவங்க வண்டியில கூட்டிட்டுப் போற நிலைமை எனக்கு இன்னும் வரலை. ரெண்டு வாரம் குடுங்க. என் கார்ல வந்து கூட்டிட்டுப் போறேன்"னு. பந்தி முழுக்கக் கேட்டுச்சு. வீட்டுக்காரி என் சட்டையைப் பிடிச்சு இழுக்கா, உக்காருங்க உக்காருங்கன்னு. உக்காந்தேன். ஆனா சொன்னது சொன்னதுதானே. சுபா வளையல் போட்ட கையோட வாசல் வரைக்கும் வந்தா. "ரெண்டு வாரம்தானப்பா?"ன்னா. "ரெண்டே வாரம்"னேன்.

பட்டறைக்குத்தான் மொதல்ல கொண்டு போனேன். அங்க இருந்தவன் அடியில குனிஞ்சு பாத்துட்டு, "அண்ணாச்சி, இதை எடைக்குப் போட்டிருங்க"ன்னான். எடைக்கு! என் முகத்தைப் பாத்துச் சொல்லுதான். திருப்பிக் கொண்டாந்து வீட்டு போர்ட்டிகோவுல கல்லு வச்சுத் தூக்கி நிறுத்தினேன். நானே பண்ணுதேன், வெல்டிங்குக்கு மட்டும் ஒரு ஆளு வீட்டுக்கு வந்தாப் போதும்னு இறங்கிட்டேன்.

கதவு நாலையும் கழட்டி முன் ரூம்ல சாத்தினேன். சீட்டு ஹால்ல. தரை ஓட்டைக்கு அப்போதைக்கு ஒரு தகடு வச்சு ஒட்டியாச்சு. கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சேன், உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். இந்தத் துரு இருக்குல்லா, மேல தெரியறது கொஞ்சம்தான். ஸ்க்ரூடிரைவரால குத்துனா உள்ள இருந்து பொருபொருன்னு கொட்டும். நல்லா இருக்குன்னு நெனச்ச இடத்தைக் குத்திப் பாக்கப்படாது தம்பி. நான் குத்திப் பாத்துக்கிட்டே போனேன்.

துரு எடுக்க ஒரு மருந்து வருது. தடவி அரை மணி நேரம் விட்டா அந்த இடம் கறுத்துப் போகும். அப்புறம் சுத்தமான தண்ணியில கழுவணும், காய வைக்கணும், ரெட் ஆக்சைடு அடிக்கணும், பட்டி பாக்கணும், அதுக்கு மேல பெயிண்ட். டப்பாவுல என்ன போட்டிருக்கோ அதை அப்படியே செஞ்சேன். ஒரு வரி விடலை. பதினாறாம் நாள் முடிஞ்சுது. முகம் பாத்துத் தலை சீவலாம், அப்படி இருந்துச்சு. நல்லாக் காயட்டும்னு நாலு நாள் விட்டேன். இருபதாம் நாள் கதவு ஓரத்துல சின்னதா ஒரு கொப்புளம். நகத்தால கீறினேன். உள்ள துரு.

சரி, ஏதோ ஒரு இடத்துல விட்டுட்டோம்னு அதை மட்டும் உரிச்சேன். அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு. அந்த ரெட் ஆக்சைடு சரியில்லைன்னு வேற கம்பெனி மாத்தினேன். மழை ஈரம்னு நெனச்சு தார்ப்பாய் கட்டினேன். எதுத்த வீட்டுல மீன் ஐஸ் பெட்டி கழுவி ஊத்துவாங்க, அந்த வாடைதான்னு சண்டைக்குப் போனேன். மூணு வாரத்துக்கு ஒருக்க கொப்புளம் வரும், நான் உரிப்பேன். எத்தனை தடவைன்னு கேக்காதீங்க.

அந்த முன் ரூம்தான் சுபா வந்து படுக்க வேண்டிய ரூம். வீடு பூரா தின்னர் வாடை. பிள்ளைத்தாச்சி அந்த வாடையில இருக்கப்படாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்களாம். வீட்டுக்காரி தினமும் கேப்பா, "முன் ரூமை எப்போ ஒழிப்பீங்க?"ன்னு. "கதவு காயட்டும்"பேன். மாசி கடைசியில ஒரு நாள் காலைல சேலையை மடிச்சுப் பையில வச்சா. "நான் போறேன். பிள்ளை அங்கனயே பொறக்கட்டும். பக்கத்துல அம்மான்னு ஒருத்தி இருக்கணும்லா"ன்னா. "ஏட்டி, பஸ்லயா போறே, ஒரு வாரம் பொறு, கார்ல கொண்டு விடுதேன்"னேன். எனக்கு ரெண்டு நாளைக்குப் புளிக்கொழம்பு வச்சு மூடி வச்சிட்டு, நடந்து போய் பஸ் ஏறிட்டா. கோபம் எல்லாம் கெடையாது தம்பி. கோபம்னா கத்துவா. கத்தலை.

பங்குனியில பேத்தி பொறந்தா. ஃபோன் வந்தப்போ நான் பட்டி குழைச்சு வச்சிருக்கேன். குழைச்ச பட்டியைப் பாதியில விட்டா இறுகிப் போயிரும், அதனால பூசி முடிச்சிட்டுத் திருப்பிக் கூப்பிட்டேன். சுகப்பிரசவம். பேரும் வச்சாச்சு. மிருதுளாவோ மிருணாவோ. மி-ல வரும்.

நேர்ல இன்னும் பாக்கலை. ஃபோட்டோ அனுப்புவா சுபா. வீடியோ போடுங்கப்பான்னும் சொல்லுவா. நான் போடுறதில்லை. வீடு கெடக்குற கெடப்பை அவ அம்மா பாத்தா அவ்வளவுதான்.

நீங்க என்ன கேக்க வாரீங்கன்னு தெரியும். இத்தனை தடவை மதுரை வந்திருக்கீரே, ஒரு எட்டு பாத்துட்டுப் போகக் கூடாதான்னு. எப்படிப் போக? நீங்களே சொல்லுங்க. மாடியில மக, கீழ சம்பந்தி வீடு. அவரைத் தாண்டித்தான் படி ஏறணும். அவரு கார் எங்க சம்பந்தின்னு கேக்க மாட்டாரு. கேக்காம வாங்க வாங்கன்னு சிரிப்பாரு பாருங்க, அது கேக்குறதை விட மோசம்.

ஆனா போன மாசம் இறங்கிட்டேன். ஆமா, இறங்கிட்டேன். என்னமோ, கால் தானா இறங்கிருச்சு. தெரு முனை வரைக்கும் போனேன். எதுத்தாப்புல ஒரு டீக்கடை. அதுல நின்னு பாத்தா மாடி நல்லாத் தெரியுது. தங்கபுஷ்பம் கொடியில துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தா. குட்டிக் குட்டித் துணி. வரிசையா ஒரு இருபது இருக்கும். மெலிஞ்சு போயிட்டா. ஒவ்வொண்ணா உதறி உதறிப் போடுதா. என் கையைப் பாத்தேன், நகத்துக்குள்ள எல்லாம் ரெட் ஆக்சைடு. இந்தக் கையோட பச்சப்பிள்ளையை எப்படித் தொட? டீயைக் குடிச்சிட்டுத் திரும்பிட்டேன். அன்னைக்குச் சாயங்காலம் இவ ஃபோன் பண்ணினா. "டீ நல்லா இருந்துச்சா?"ன்னு கேட்டா. "என்ன டீ?"ன்னேன். வச்சிட்டா. அதுக்குப் பிறகு அவ கூப்பிடுறதில்லை. நான் கூப்பிட்டாலும் சுபாதான் எடுப்பா.

என்னது? எந்தத் தண்ணியில கழுவுதேனா?

போர் தண்ணியிலதான். பின்ன? எங்க ஊருல வேற எதுல கழுவ? நல்ல தண்ணி குழாயில நாலு நாளைக்கு ஒருக்க வருது. குடத்துல பிடிச்சு வரிசையா அடுக்கி வச்சுக் குடிக்கோம். போர் தண்ணின்னா பாக்கக் கண்ணாடியா இருக்கும் தம்பி, ஒரு தூசி இருக்காது. வாயில வைக்க முடியாது, அவ்வளவுதான். பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. குழாய் வாயில வெள்ளை வெள்ளையாப் பூத்துக் கெடக்கும், மாசத்துக்கு ஒருக்க...

மாசத்துக்கு ஒருக்க நான்தான் சுத்தியலால தட்டி எடுப்பேன்.

இருங்க தம்பி. கொஞ்சம் இருங்க.

தங்கபுஷ்பம் அன்னைக்கே சொன்னா. முத தடவை மருந்து தடவிட்டு ஹோஸ் பைப்பை எடுக்கேன், இவ இடுப்புல ஒண்ணு கையில ஒண்ணுன்னு ரெண்டு குடம் நல்ல தண்ணியைக் கொண்டாந்து காருக்குப் பக்கத்துல வச்சா. "இதுல கழுவுங்க, அது உப்புல்லா"ன்னா. நான் சத்தம் போட்டேன். "கூறு இருக்கா உனக்கு? மனுஷன் குடிக்கத் தண்ணி இல்லாத ஊருல காரைக் குளிப்பாட்ட நல்ல தண்ணியா? உப்புல முப்பத்தோரு வருஷம் கெடந்தவன்கிட்ட உப்பைப் பத்திச் சொல்லுதியா?"ன்னேன். அக்கம்பக்கத்துக்கே கேட்டிருக்கும். அவ குடத்தைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா. கீறுன காலு இன்னும் ஆறலை அப்போ, நொண்டிக்கிட்டே தூக்கிட்டுப் போனா.

ஒவ்வொரு தடவையும் நானே உப்பை உள்ள வச்சுப் பூசியிருக்கேன். நல்லாக் கழுவணும்னு ரெண்டு தடவை, மூணு தடவை வேற.

ஏழு மாசம் தம்பி.

சரி, விடுங்க. இப்பத்தான் தெரிஞ்சிருச்சுல்லா. இனிமே நல்ல தண்ணியில கழுவிருவோம். இந்தத் தரையை வாங்கிட்டுப் போய் நாளைக்கு ஞாயித்துக்கிழமை வெல்டிங் வச்சிட்டா, எல்லாத்தையும் மறுபடி மொதல்ல இருந்து உரிச்சு, நல்ல தண்ணியில கழுவி, ரெண்டு வாரம். ரெண்டே வாரம். ஆனா அதுலதான் ஒரு சிக்கல். அதுக்குத்தான் இவ்வளவு அவசரமா ஓடிக்கிட்டு இருக்கேன். மாப்பிள்ளைக்கு போபாலுக்கு மாத்தலாகிருச்சு. திங்கக்கிழமை ரயில். ஆமா, நாளைக்கழிச்சு. பிள்ளை சின்னது, புது ஊருன்னு என் வீட்டுக்காரியும் கூடப் போறா. எப்போ வருவான்னு கேட்டேன். தெரியலைப்பான்னா சுபா. நான் சொன்னேன், "ஏளா, ஒரு ரெண்டு வாரம் தள்ளிப் போடச் சொல்லு மாப்பிள்ளையை. கார் ரெடியாகிரும். எல்லாரும் ஊருக்கு ஒரு தடவை வந்துட்டுப் போங்க"ன்னு. "டிக்கெட் எடுத்தாச்சுப்பா. நீங்க சும்மா பஸ் ஏறி வாங்கப்பா"ன்னா. சும்மா வாங்கங்கா. அவளுக்கு என்ன தெரியும். நாப்பது பேர் முன்னால சொன்னது நான்லா.

காரியாபட்டி தாண்டியாச்சா? ஆமா, அங்க ஏர்போர்ட் போர்டு தெரியுது.

நீங்க இறங்குங்க தம்பி. என்னையும் இறங்கச் சொல்லுதீங்க, உங்க நல்ல மனசு. இறங்கலாம். இறங்கலாம்தான். இந்தத் தகரத்தை எங்க வைக்க? இதைக் கையில வச்சுக்கிட்டு... பேப்பர் வேற கிழிஞ்சு போச்சு. அடுத்த தடவை வாரப்போ...

இருங்க, ஃபோன் அடிக்குது. சுபாதான். இது என்ன, வீடியோவுல வருதே. இதை எப்படி அமத்த? சவத்தெழவு, எடுத்திருச்சு.

ஹலோ. ம். யாரு, நீயா? ம். தெரியுது, தெரியுது. வீட்டுலதான் இருக்கேன். எங்க போகப் போறேன். ஆமா, இருட்டாத்தான் இருக்கும். காருக்கு அடியில கெடக்கேன். கரண்ட் இல்ல. சத்தமா? அது ரோட்டுல லாரி போகுது. ம். தெரியுதுங்கேன்லா. நல்லாத் தெரியுது. ம். ம்.

வச்சிட்டா.

என் வீட்டுக்காரிதான் தம்பி. ஒரு மாசம் கழிச்சு இவளே கூப்பிட்டிருக்கா. பிள்ளையைக் காட்டத்தான். ரயில் ஏறுறதுக்கு முன்னால தாத்தா பாக்கட்டும்னு. நீங்க பாத்தீங்கல்லா, நான் கட்டை விரலை வச்சுக் கேமராவை மூடிட்டேன். பஸ்ஸுன்னு தெரிஞ்சிரும்லா, அதான். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கு எல்லாம் தெரிஞ்சுது. மூக்கு சுபா மூக்கு. தலையில முடியே இல்லை. இவ மடியில உக்காந்துக்கிட்டு ஃபோனைப் பிடிச்சு வாயில வைக்கப் பாக்குது.

அப்பத்தான் கண்டக்டர் கத்துனான். மண்டேலா நகர், மண்டேலா நகர் இறங்குறவங்க முன்னால வாங்கன்னு. அவன் ஒருக்காக் கத்தினாப் போதாதா, மூணு தடவை கத்துதான். பஸ்ஸும் நின்னுச்சு. ஆளுக இறங்குனாங்க. நீங்க இறங்கலையே தம்பி, உங்க ஸ்டாப் போயிருச்சே. எனக்காகவா உக்காந்துட்டீங்க? எனக்கு எந்திரிக்க முடியலை. விரலை எடுத்தாத் தெரிஞ்சிரும். விரலை எடுக்காம எப்படித் தகரத்தைத் தூக்க.

அவளுக்குக் கேட்டிருக்கும். கேக்காம இருக்குமா. தெருவுக்கு அந்தப் பக்கம் நின்னவனை மாடியில இருந்து பாத்தவளுக்கு இது கேக்காதா. கொஞ்ச நேரம் அந்த இருட்டையே பாத்துக்கிட்டு இருந்தா. என்னை ஏசுவான்னு நெனச்சேன். ஏசியிருந்தா இறங்கியிருப்பேன் தம்பி, சத்தியமா இறங்கியிருப்பேன். ஏசலை. பிள்ளைகிட்ட குனிஞ்சு சொல்லுதா, "தாத்தா காருக்கு அடியில இருக்காங்களாம்டா. டாட்டா சொல்லிரு"ன்னு.

அது கையைப் பிடிச்சு இவதான் ஆட்டுனா. அது சிரிச்சுக்கிட்டே என் விரலைப் பாத்துச்சு.